புல்லிலிருந்து சர்க்கரை, ஜாடியில் வெல்லம்

நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துக்கு விழா எடுக்கிறார்களாம். விழா மலர் ஒன்றும் போடுகிறார்களாம். அதற்கு நான் "இனிமையான அனுபவங்கள்" என்று நாலு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். இப்போது அங்கே வேலையில் இருக்கிற இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். காப்பி குடித்தார்கள், முறுக்கு தின்றார்கள், கிளம்பும்போது ஒரு பழைய போட்டோவின் நகலை என் கையில் கொடுத்தார்கள். "மேடம், இதுல இருக்கிறவங்க யாருன்னு சொல்ல உங்களை விட்டா ஆளில்லை. கீழே போட ஒரு வரி எழுதிக் கொடுங்க, போதும்" என்றார்கள்.

போட்டோவைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோட்டு போட்ட ஆண்கள் ஒரு பெரிய கண்ணாடி ஜாடியைச் சுற்றி நின்று சிரிக்கிறார்கள். பின்னால் சுவரில் அடித்த மரக்குச்சிகளில் குடுவைகள் தலைகீழாகத் தொங்கிப் பளபளக்கின்றன. ஒரு ஓரத்தில் சின்னப் பெண் ஒருத்தி பூ ஜாடியை வைத்துக்கொண்டு முறைத்துக்கொண்டு நிற்கிறாள். அது நான்தான். இனிமையான அனுபவம் என்னிடம் இல்லை. இருக்கிறதை எழுதுகிறேன். போட்டால் போடட்டும், இல்லாவிட்டால் குப்பையில் போடட்டும்.

நாங்கள் பெங்களூர் தண்டு, அதாவது கன்டோன்மென்ட் பகுதித் தமிழர்கள். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாதா கோயில் மணி அடித்தால் வீட்டுப் பாத்திரம் அதிரும் தூரத்தில் குடியிருந்தோம். அப்பா பட்டாளத்துக்கு உடுப்பு தைக்கும் கடையில் துணி வெட்டும் கட்டர். மிஷன் பள்ளிக்கூடம், பிறகு கல்லூரி, கெமிஸ்ட்ரியில் பி.எஸ்ஸி. சுதந்திரம் வந்து சில வருஷங்களில் அந்த ஆய்வுக்கூடத்தில் ஜூனியர் அசிஸ்டென்டாகச் சேர்ந்தேன். கெமிஸ்ட்ரி பிரிவில் படித்த பெண் என்று நான் ஒருத்திதான். என் படிப்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவு போதும்.

அங்கே என்ன வேலை என்று கேட்டால் வீட்டில் யாராலும் பதில் சொல்ல முடியாது. புல்லைச் சர்க்கரையாக்கி, அந்தச் சர்க்கரையைப் புளிக்க வைத்து, வண்டி ஓட்டும் எரிசாராயம் எடுப்பதுதான் எங்கள் திட்டம். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓட்டியதை நாங்கள் எல்லாரும் பார்த்தவர்கள். இனிமேல் எண்ணெய்க்காக எவன் வாசலிலும் போய் நிற்கக் கூடாது, நம் ஏரிக்கரைப் புல்லிலேயே வண்டி ஓடட்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் தில்லியில் நினைத்திருக்கிறார். நல்ல நினைப்புதான். ஆனால் என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் "சாராயம் காய்ச்சுகிற வேலை" என்றா சொல்ல முடியும்? அம்மா ரொம்ப சாமர்த்தியமாக "சர்க்கரை ஆராய்ச்சி" என்பாள். வந்தவர்கள் அவளுக்கு நீரிழிவு டாக்டர் மகள் இருப்பதாக நினைத்துக்கொண்டு போவார்கள்.

புல், சந்தாபுரா பக்கத்திலிருந்து மாட்டு வண்டியில் வரும். ஏரி ஓரத்தில் ஆள் உயரத்துக்கு வளர்ந்த முரட்டுப் புல். வண்டிக்காரர்களும் தமிழர்கள்தான். "இத்த மாடே திங்காதும்மா, நீங்க இன்னா பண்றீங்க?" என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்கள்.

அதைத் தீவனம் வெட்டும் மெஷினில் விரல் நீளத்துக்கு வெட்டிக் காய வைப்போம். கந்தக அமிலம் கலந்த தண்ணீரில் ஊற வைத்து டைஜஸ்டரில் போடுவோம். டைஜஸ்டர் என்பது ஆள் உயர இரும்புப் பானை. உள்ளே ஈயத்தகடு போர்த்தியிருக்கும். இல்லாவிட்டால் அமிலம் இரும்பைத் தின்றுவிடும். மூடியை போல்ட் போட்டு முறுக்கி, நீராவியைத் திறந்துவிட வேண்டும். புல்லின் நார் என்பது வேறொன்றும் இல்லை, ஒன்றோடொன்று இறுக்கமாகக் கோத்துக்கொண்டு கிடக்கும் சர்க்கரை. அமிலமும் சூடும் சேர்ந்து அந்தக் கோர்வையை அறுத்துவிடும். சூடு குறைந்தால் புல் புல்லாகவே கிடக்கும். சூடு கூடினால் வெளியே வந்த சர்க்கரையே கருகி, சாற்றைப் புளிக்க வைக்கும் ஈஸ்டைக் கொல்லும் விஷமாக மாறிவிடும். இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் இடம் மிகவும் குறுகியது.

டைஜஸ்டரை ஓட்டியவர் குப்புசாமி. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர், முன்பு ரயில் எஞ்சினில் கரி போட்டவர். எனக்குக் குப்பண்ணா. அவருக்கு நான் மிஸ்ஸம்மா. அழுத்தம் ஏறும்போது என்னைப் பக்கத்தில் விடமாட்டார்.

"தள்ளி நில்லு மிஸ்ஸம்மா. இது எங்க மாமியா மாதிரி, எப்ப பொங்கும்னு யாருக்கும் தெரியாது."

"உங்க மாமியார் காதுல விழுந்துடப் போகுது குப்பண்ணா."

"வுழட்டும் வுழட்டும். அவங்களுக்கும் ஒரு வால்வு வெக்கணும்னுதான் பாக்கறேன்."

நீராவியை வெளியே விட்டதும் கூடம் முழுக்க தீய்ந்த ரொட்டி வாசனை வரும். வடித்த சாறு பழுப்பாக இருக்கும். அதில் சுண்ணாம்புப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அமிலத்தை அடக்கி, அடியில் தங்கும் வெள்ளை மண்டியைத் துணியில் வடிகட்டுவோம். பிறகு சாற்றில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க ஃபெலிங் கரைசல் சோதனை. நீலக் கரைசலில் சாற்றைச் சில சொட்டு விட்டுக் காய்ச்சினால் செங்கல் நிறத்தில் படிய வேண்டும். முதன்முதலாக அந்தச் சிவப்பைப் பார்த்த அன்று குப்பண்ணா சோதனைக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "அடேங்கப்பா, குங்குமம்!" என்று கத்தினார்.

இதையெல்லாம் நடத்தியவர் டாக்டர் பத்மநாபன். வெளிநாட்டில் படித்தவர். நல்ல உயரம், மடிப்புக் கலையாத சட்டை. என் வாழ்நாளில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். காலையில் கூடத்துக்குள் வந்ததும் யாருக்கும் வணக்கம் சொல்லமாட்டார். மேஜைமேல் சுட்டு விரலால் ஒரு கோடு இழுத்து, விரல் நுனியைத் திருப்பிப் பார்ப்பார். தூசி இருந்தால் அந்த விரலை நம் முகத்துக்கு நேரே நீட்டுவார். தூசி இல்லாவிட்டால் "நல்லது" என்பார். எதற்கும் "நல்லது"தான். சோதனை வென்றாலும் நல்லது, தோற்றாலும் நல்லது, என் அப்பா செத்து லீவு கேட்டுப் போய் நின்றபோதும் அவர் வாயில் வந்தது "நல்லது"தான். சுத்தம் என்றால் அவருக்கு உயிர். கெமிஸ்ட்ரிக்குச் சுத்தம் வேண்டும், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் திட்டத்தில் பாதி கெமிஸ்ட்ரி, பாதி அழுக்கு. அந்த அழுக்குப் பாதி என்னுடையது.

சாற்றில் சர்க்கரை இருந்தும் ஈஸ்ட் அதைத் தொடவில்லை. ரொட்டிக் கடை ஈஸ்ட், கள்ளுப் பானையிலிருந்து எடுத்தது, வெளியூரிலிருந்து வரவழைத்தது என்று எதைப் போட்டாலும் மறுநாள் அடியில் செத்துக் கிடக்கும். கருகல் விஷம் கொஞ்சமாவது சாற்றில் தங்கிவிடும், அதுதான் காரணம். டாக்டர், சாற்றைச் சுத்தம் செய்ய எவ்வளவோ பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. "சார், சாற்றைத் திருத்த முடியலைன்னா ஈஸ்டைத் திருத்தலாமா?" என்று கேட்டேன். "நல்லது" என்றார்.

அப்படி ஆரம்பித்ததுதான். வெல்லத் தண்ணீரில் ஈஸ்டை வளர்த்து, அதில் ஒரு சொட்டு புல் சாறு விடுவேன். பிழைத்ததை எடுத்து அடுத்த குடுவைக்கு மாற்றுவேன். அதில் இன்னும் கொஞ்சம் சாறு. பால்குடிப் பிள்ளைக்குச் சோறு பழக்குகிற மாதிரிதான். அவசரப்பட்டால் எல்லாம் செத்துப்போகும். பழைய குடுவைக்குத் திரும்பிப் போய் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் அதற்குத் தீனி வேண்டும். சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் அதே வெள்ளைச் சேலையோடு ஆய்வுக்கூடத்துக்கு ஓடுவேன். "ஆண்டவருக்கு ஒரு மணி நேரம், அந்தச் சாராயப் பூஞ்சைக்கு மூணு மணி நேரமா? உருப்படுவியா நீ?" என்று அம்மா திட்டித் தீர்ப்பாள். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படி ஓடினேன். என்னைக் கேட்டு வந்த இரண்டு வரன்கள் அந்த ஓட்டத்தில் கைநழுவின. அதற்காக நான் வருத்தப்படவில்லை, இன்றைக்கும் இல்லை.

வெல்லமே கலக்காத வெறும் புல் சாற்றில் ஒரு நாள் நுரை கிளம்பியது. குடுவையைக் காதோடு வைத்தேன். உள்ளே பொசுபொசுவென்று சத்தம். குப்பண்ணாவைக் கூப்பிட்டேன். புளித்து அடங்கியதும் இரண்டு பேரும் சேர்ந்து காய்ச்சி வடித்தோம். ஒரு டின் மூடியில் கொஞ்சம் ஊற்றிக் குப்பண்ணா தீக்குச்சி கிழித்தார். நீலமாக, புகையே இல்லாமல் எரிந்தது. சந்தாபுராப் புல் எரிகிறது! எனக்கு அழுகை வந்துவிட்டது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன்.

"மிஸ்ஸம்மா, அப்ப பெரிய ஃபேக்டரி போடுவாங்கதானே?" என்று கேட்டார் குப்பண்ணா. "நம்மள பர்மனென்ட் பண்ணுவாங்கதானே? பண்ணா குவார்ட்டர்ஸ் குடுப்பாங்க. குழாய் வீட்டுக்குள்ளயே வரும். என் பொண்டாட்டி தெருக்குழாய்ல சண்டை போட்டே செத்துருவா போல கீது."

"கண்டிப்பா போடுவாங்க குப்பண்ணா" என்றேன். அப்போது நான் அதை முழுமனதாக நம்பினேன்.

டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினோம். நீலச் சுவாலையைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். சுட்டு விரல் மேஜைமேல் போயிற்று. "நல்லது. மிஸ் ஞானசுந்தரி, இந்த மேஜையைத் துடைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பத் திரும்பச் செய்து பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் புளித்தது. டாக்டர் மேலிடத்துக்கு எழுதினார். பெரிய மாதிரி ஆலை போடலாமா என்று பார்க்க மெட்ராஸிலிருந்து ஒரு கமிட்டி வருகிறது என்று செய்தி வந்தது. எல்லாம் அந்த ஈஸ்டில்தான் இருந்தது. அது இருந்தால் ஆலை, ஆலை வந்தால் எங்கள் எல்லாருக்கும் நிரந்தர வேலை, குப்பண்ணா வீட்டுக்குள் குழாய். அது இல்லாவிட்டால் எங்களிடம் இருப்பது பழுப்புத் தண்ணீர்தான்.

கமிட்டி வருகிறது என்றதும் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? வெள்ளையடிப்பார்கள். ஆராய்ச்சியை ஓரம் கட்டிவிட்டு எல்லாரும் சுவருக்குச் சுண்ணாம்பு, கதவுக்குப் பச்சைப் பெயின்ட், தரைக்கு ஃபினாயில் என்று இறங்கினோம். டைஜஸ்டருக்கே அலுமினியப் பெயின்ட் அடித்தார்கள். "மாமியாளுக்குப் பவுடர் போட்ட மாதிரி கீது" என்றார் குப்பண்ணா.

கமிட்டி வருவதற்கு முதல் நாள் டாக்டர் ஒரு உத்தரவு போட்டார். பாட்டில், குடுவை எல்லாவற்றிலும் எங்கள் கையெழுத்தில் இருந்த சீட்டுகள் அசிங்கமாக இருக்கின்றன, ஊற வைத்து உரித்துவிட்டு, ஒரே மாதிரி டைப் அடித்த சீட்டு ஒட்ட வேண்டும். டைப் அடிக்க யார்? பெண்பிள்ளை இருக்கிறாளே! ஆபீஸ் அறையில் டைப்ரைட்டர் முன்னால் என்னை உட்கார வைத்தார்கள். டைப் முடிந்ததும் பூ ஜோடிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். போவதற்கு முன்னால் நான் டாக்டரிடம் வாய்விட்டே சொன்னேன்.

"சார், ஜன்னல் ஓரம் ராக்கில இருக்கிற குடுவை எல்லாம் என் ஈஸ்ட். சீட்டு உரிச்சாலும் இடம் மாறக் கூடாது. இன்னைக்கு ராத்திரி அதுலேர்ந்துதான் கமிட்டிக்குக் காட்டற பெரிய ஜாடிக்குப் போடணும்."

"நல்லது" என்றார்.

ஒரு குடுவை போனாலும் இருக்கட்டும் என்று, அதே ஈஸ்டைச் சோதனைக் குழாய்களில் வளர்த்து ரெஃப்ரிஜிரேட்டரிலும் வைத்திருந்தேன். கூடத்துக்கே ஒரு ரெஃப்ரிஜிரேட்டர்தான். குழாய்கள் அதற்குள் பத்திரமாக இருந்ததால் எனக்குக் கவலை இருக்கவில்லை. உட்கார்ந்து டைப் அடித்தேன்.

சாயங்காலம் சீட்டுகளை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். ஃபினாயில் நெடி மூக்கைத் துளைத்தது. ஜன்னல் ஓர ராக் காலி. என் குடுவைகள் எல்லாம் சுவரில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தன. கண்ணாடி அப்படி ஒரு பளபளப்பு. கண்ணாடிச் சாமான் கழுவும் முனியம்மா துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"முனியம்மா! இதுல இருந்தது எங்கே?"

"ஊத்திட்டேன் மிஸ்ஸம்மா." என் முகத்தைப் பார்த்து அவளும் பயந்துவிட்டாள். "நானா ஊத்தல, சாமி சத்தியமா. சீட்டு இல்லாம வரிசையா கீதே, இது வேஸ்டா இன்னான்னு தெரியாம டாக்டர் தொரையக் கேட்டேன். தொரையே வந்து மோந்து பாத்தாரு. 'சீ, கலீஜு, கழுவு'ன்னாரு. அவரு சொன்னா நான் இன்னா பண்ணட்டும்?"

ரெஃப்ரிஜிரேட்டருக்கு ஓடினேன். திறந்தால் ஆரஞ்சு கிரஷ்ஷும் சோடா பாட்டில்களும் அடுக்கி இருந்தன, கமிட்டிக்குக் குடிக்க. என் குழாய்கள்? அவற்றையும் கழுவத்தான் போட்டார்கள், வேறென்ன. ஆவியில் வேக வைத்து, கழுவி, காய வைத்திருந்தார்கள். ரொம்ப நன்றாகக் கழுவியிருந்தார்கள்.

ஊற்றியதில் கொஞ்சமாவது தங்கியிருக்காதா என்று குப்பண்ணாவின் ஸ்பேனரை வாங்கி, கழுவு தொட்டிக்கு அடியில் வளைந்த குழாயைக் கழற்றினேன். உள்ளே தேங்கிய சேறு முழுக்க ஃபினாயில் நாற்றம். அதையும் விடவில்லை, வழித்து வெல்லத் தண்ணீரில் போட்டு வைத்தேன். பிறகு வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்புப் பூஞ்சைதான் முளைத்தது. ஆனால் அன்று சாயங்காலம் அதெல்லாம் தெரியாதே, சேறு படிந்த கையோடேயே டாக்டர் அறைக்குப் போனேன்.

"சார், என் ஈஸ்ட் முழுக்க போயிடுச்சு. நீங்கதான் ஊத்தச் சொன்னீங்களாம்."

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். "ரொம்ப நாத்தம் அடிச்சுது. நாளைக்கு வர்றவங்க பெரிய மனுஷங்க. ஈஸ்ட் திரும்ப வளர்த்துக்கலாம்."

"வளர்த்தது இல்ல சார், பழக்கினது. ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். கமிட்டிகிட்ட உள்ளதைச் சொல்லிடலாம் சார். டைம் கேட்கலாம்."

"அதெல்லாம் நல்லா இருக்காது." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஜாடியில கொஞ்சம் வெல்லம் கரைச்சு, ரொட்டிக் கடை ஈஸ்ட் போட்டா காலைல நுரை வந்துடும். பார்க்கிறதுக்கு அதுவும் இதுவும் ஒண்ணுதான்."

"நான் பண்ண மாட்டேன் சார்."

அதற்கும் அவர் குரல் உயரவில்லை. "யாரும் உங்களைப் பண்ணச் சொல்லலையே, மிஸ் ஞானசுந்தரி. நீங்க பூ வைங்க" என்றார்.

அந்த மனிதரை அந்த நிமிஷம் நான் வெறுத்தேன். இன்னும் வெறுக்கிறேன். செத்தவரைப் பற்றி அப்படிச் சொல்லக் கூடாது என்பார்கள். சொல்லாமல் இருந்தால் என் வயிற்றெரிச்சல் அடங்குமா? வெறும் தவறு என்றால் மன்னித்திருப்பேன். அவர் கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பிய வெற்றி எல்லாமே அந்தக் குடுவைகளிலிருந்து வந்தது. அவை எப்படி இருக்கும் என்று ஒரு நாளாவது ஜன்னல் ஓரம் வந்து பார்த்திருந்தால், மோந்ததும் தெரிந்திருக்கும். தூசி பார்க்க வந்தவருக்கு ஈஸ்ட் பார்க்க நேரமில்லை.

மறுநாள் கமிட்டி வந்தது. தலைவர் குண்டானவர், வந்ததிலிருந்து மணி பார்த்துக்கொண்டே இருந்தார். பெரிய ஜாடியில் வெல்லம் பொங்கிக்கொண்டிருந்தது. பழுப்பு நிறம் வருவதற்காகப் புல் சாற்றைக் கொஞ்சம் கலந்திருந்தார்கள். டாக்டர் இங்கிலீஷில் விளக்கினார். டைஜஸ்டர் பளபளவென்று நின்றது. குப்பண்ணா சலவை சட்டை போட்டு, கையைக் கட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றார். அவருக்கு வெல்லம் விஷயம் தெரியும். கண்ணால் என்னிடம் "சும்மா இரு" என்றார்.

உறுப்பினர்களில் ஒருவர் தமிழர், வயதானவர், மெட்ராஸ்காரர். மற்றவர்கள் நகர்ந்த பிறகும் ஜாடிக்கிட்டேயே நின்று மூடியைத் தூக்கி மோந்தார். என்னைப் பார்த்தார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"சார், இது புல் இல்ல. வெல்லம்" என்றேன். "நேத்து வரைக்கும் நிஜமாவே புல்லுலேர்ந்து வந்துது சார். நான் பழக்கின ஈஸ்டைக் கழுவி ஊத்திட்டாங்க. ஒரு வருஷம் டைம் குடுத்தா திரும்ப எடுத்துக் காட்டறேன். தயவுபண்ணி அதைக் கமிட்டியில சொல்லுங்க சார்."

அவர் கோபப்படுவார், டாக்டரைக் கூப்பிடுவார், என் வேலை போகும் என்று எல்லாவற்றுக்கும் நான் தயாராக இருந்தேன். அவர் மூடியைப் பதமாகப் போட்டார்.

"வாசனையே சொல்லுதேம்மா. வெல்லத்தை மோந்து பார்த்தா தெரியாதா எனக்கு?" என்றார். "நீ மனசை அலட்டிக்காதே. சக்கரை ஆலை ஒவ்வொண்ணுலயும் கழிவுப் பாகு குளமா தேங்கிக் கிடக்கு. சாராயம் வேணும்னா அதுலேர்ந்தே எடுத்துக்கலாம். புல்லு எதுக்கு? இந்தத் திட்டத்தை மூடறதுன்னு நாங்க மெட்ராஸை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடியே முடிவாயிடுத்து."

"அப்ப எதுக்கு சார் வந்தீங்க?"

"டூர் போட்டாச்சு, டிக்கெட் எடுத்தாச்சு. பெங்களூர் குளுகுளுன்னு இருக்கும்னு வேற சொன்னா" என்றார். குரலில் கேலிகூட இல்லை, அன்பாகத்தான் சொன்னார்.

அப்புறம் போட்டோ எடுத்தார்கள். டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "பூவோட ஓரமா நில்லுங்க" என்றார். நின்றேன். ஆரஞ்சு கிரஷ் குடித்தார்கள். போனார்கள்.

குப்பண்ணா ஓடி வந்தார். "இன்னா சொன்னாரு மிஸ்ஸம்மா அந்தப் பெரியவரு? ரொம்ப நேரம் பேசினாரே. ஆவுமா?"

"ஆகாது குப்பண்ணா. மூடறாங்க. முன்னாடியே முடிவு பண்ணிட்டுத்தான் வந்தாங்களாம்."

அவர் டைஜஸ்டர்மேல் கை வைத்தார். பெயின்ட் இன்னும் காயவில்லை, உள்ளங்கை வெள்ளியாக ஒட்டிக்கொண்டது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நாளைக்கு வண்டிக்காரன் வந்தா புல்லு வாணாம்னு சொல்லிடறதா?" என்று கேட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

உத்தரவு வந்தது. திட்டம் மூடப்பட்டது. தற்காலிக ஆள் என்று குப்பண்ணாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். டைஜஸ்டரைப் பழைய இரும்புக்காரன் வந்து உடைத்து, ஈயத்தகட்டைத் தனியாக உரித்துக்கொண்டு போனான். கூடத்தின் சுத்தத்தைக் கமிட்டி மிகவும் பாராட்டியிருந்ததாம். டாக்டர் பத்மநாபன் படிப்படியாக மேலே போனார். என்னைத் தண்ணீர் சோதிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், போர்வெல் தண்ணீர் என்று ரிட்டயர் ஆகும்வரை தண்ணீரையே சோதித்தேன். ஈஸ்டை மறுபடி பழக்க அனுமதி கேட்டேன். ஒரு தரம் இல்லை, பல தரம் கேட்டேன். திட்டமே இல்லாதபோது ஈஸ்ட் எதற்கு என்றார்கள். அவர்கள் கேட்டதும் நியாயம்தானே, போங்கள்.

பல வருஷம் கழித்துச் சிவாஜிநகர் மார்க்கெட்டில் குப்பண்ணாவைப் பார்த்தேன். துணிக்குச் சாயம் போடும் இடத்தில் பாய்லர் பார்ப்பதாகச் சொன்னார். கை முழுக்க நீலம். வீட்டுக்குள் குழாய் வந்ததா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சிரித்துக்கொண்டு, "அந்தப் புல்ல மாட்டுக்குப் போட்டிருந்தா பாலாவது கெடச்சிருக்கும் மிஸ்ஸம்மா" என்றார். முரட்டுப் புல், மாடு தின்னாது என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

டாக்டர் ரிட்டயர் ஆன அன்று பிரிவு உபசாரத்துக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். மேடையில் ஏறியவர்கள் எல்லாம், "தரையில் இலை போட்டுச் சாப்பிடலாம், அப்படி வைத்திருந்தார்" என்று புகழ்ந்தார்கள். கீழே இறங்கி வந்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு கை குவித்தார். "மிஸ் ஞானசுந்தரி! கமிட்டி வந்த அன்னைக்கு நீங்க வெச்ச பூ இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே அவருக்கு அதுதான் ஞாபகம் இருந்தது.

மலருக்காக வந்த அந்த இரண்டு பிள்ளைகளிடம், புல்லிலிருந்து எரிசாராயம் எடுப்பதை இப்போது யாராவது செய்கிறார்களா என்று கேட்டேன். எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு கம்பெனி இறங்கியிருக்கிறதாம். அமிலத்துக்குப் பதில் என்சைம் போட்டு நாரை அறுக்கிறார்களாம். "ஆனா மேடம், அந்தச் சாறுல ஈஸ்ட் பிழைக்கிறதுதான் கஷ்டமாம். தாங்குற ஈஸ்டை உலகம் முழுக்கத் தேடறாங்க" என்றான் ஒருவன். நான் எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

சரி, போட்டோவுக்குக் கீழே ஒரு வரி கேட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் கமிட்டித் தலைவர். அவருக்கு வலப்பக்கம் டாக்டர் பத்மநாபன். ஜாடிக்குள் வெல்லம். சுவரில் பளபளக்கிறவை என் குடுவைகள், முதல் நாள் கழுவியவை. குப்புசாமி படத்தில் இல்லை. அவரைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். இதை அப்படியே போடுவதானால் போடுங்கள். முடியாது, "முன்னோடிச் சாதனை" என்றுதான் போடுவோம் என்றால், என் பெயரை எடுத்துவிட்டு என்னையும் ஓரத்தோடு வெட்டிவிடுங்கள். பூவை மட்டும் விட்டுவையுங்கள், அது நன்றாகத்தான் இருக்கிறது.